கரையைக் காப்பது எப்படி? ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலிருந்து சில விளக்கங்கள்

"கடல்மட்டம் உயர்ந்து வருகிறது. இதற்கு என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?" வாய்மொழித் தேர்வின் உரையாடல் பகுதியில் இப்படி ஒரு கேள்வி வந்தால், நம் மாணவர்களிடமிருந்து பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, "சுவர் கட்டலாம்." இன்னொன்று, "மரம் நடலாம்." அதற்கு மேல் துருவிக் கேட்டால், "அரசாங்கம் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் சுவர் என்ன செய்யும், மரம் எங்கே வளரும் என்று தெரியாமல் சொல்லும் பதிலை நீட்ட முடியாது. இரண்டாவது வாக்கியத்திலேயே சரக்கு தீர்ந்துவிடும்.

அந்தச் சரக்கைக் கொஞ்சம் சேர்த்துத் தருவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. ஆசிரியர்கள் இதை அப்படியே வகுப்பில் பயன்படுத்தலாம். தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் நேரடியாகப் படிக்கலாம். கலைச்சொற்களைத் தனிப் பட்டியலாகக் கொடுக்கவில்லை; வரும் இடத்திலேயே விளக்கியிருக்கிறேன்.

முதலில் 'கடலரிப்பு' என்ற சொல். 'அரிப்பு' என்றதும் வகுப்பில் யாராவது கையைச் சொறிந்து காட்டிச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கரையான் மரத்தை அரிக்கிறது என்கிறோம் அல்லவா? அதே அரிப்புதான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். கடலும் கரையை அப்படித்தான் தின்கிறது. ஒரே நாளில் ஊரை விழுங்குவது வேறு, அது பேரலை. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குச் சொல்லிவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

மணல் நடக்கிறது

கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடப்பதுபோல் தெரியும். உண்மையில் அது நடந்துகொண்டே இருக்கிறது. அலை பெரும்பாலும் கரைக்கு நேராக வராமல் சற்றுச் சாய்வாக வருகிறது. வரும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும்போது நேராகக் கீழே இழுக்கிறது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல்துகள் இப்படி ரம்பப் பல் வடிவில் பக்கவாட்டில் ஓரடி வைக்கிறது. இதைக் கரையோர மணல் நகர்வு என்று சொல்லலாம். ஆகவே நீங்கள் நிற்கும் கரை நிலையாக இருக்கிறது என்றால், போகும் மணலுக்கு ஈடாக இன்னொரு பக்கத்திலிருந்து மணல் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வங்கிக் கணக்கு மாதிரிதான். வரவு நின்றால் இருப்பு கரையும்.

சிங்கப்பூரில் இதை ஒரே பார்வையில் காட்டுவது கடினம். நம்மைச் சுற்றியுள்ள கடல் ஓரளவு அமைதியானது. சுமத்ரா, மலேசியத் தீபகற்பம் இரண்டும் பெரிய அலைகளை மறைத்துக்கொள்கின்றன. அதனால் விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் போன பலரும் பார்த்திருக்கக்கூடிய ஓர் இடத்துக்கு முதலில் போய்வருவோம்: சென்னை மெரினா.

அவ்வளவு அகலமான மணல்வெளி எப்போதும் அங்கே இருந்ததில்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது சில மாதங்கள் திசை மாறினாலும், மொத்தக் கணக்கில் வடக்குதான் வெல்லும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புகளைக் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தக் கல்லில் முட்டி நின்றது. நின்ற மணல் துறைமுகத்துக்குத் தெற்கே சேர்ந்து சேர்ந்து இன்றைய மெரினாவாக விரிந்தது. சரி, வடக்கே என்ன ஆனது? ராயபுரம் தொடங்கி எண்ணூர் நோக்கிப் போகும் கரைக்கு மணல் வரவு நின்றுபோனது. கரை தேய்ந்தது. மீனவர் குடியிருப்புகளின் வாசலுக்கே கடல் வந்தது. அதைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள், இன்றும் அந்தக் கரை முழுக்கக் கல்தான். ஒரே துறைமுகம் ஒரு பக்கம் நகரத்துக்குப் பொழுதுபோக்கு இடத்தைத் தந்தது. மறுபக்கம் வீடுகளைப் பறித்தது.

புதுச்சேரியில் இதே கதை நூறு ஆண்டுகள் கழித்து மறுபடி நடந்தது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புகள் எழுந்தன. தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே கொட்ட வேண்டும் என்ற ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. நகரின் கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்த மணல் காணாமல் போய்க் கற்குவியல் மட்டும் மிஞ்சியது. பிறகு அரிப்பு மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மீனவ கிராமங்களைத் தொட்டது. இந்தக் 'காத்திருந்து அடுத்த ஊருக்குப் போகும்' பழக்கம்தான் கடலரிப்பைப் பற்றி மாணவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். எந்தக் கட்டுமானத்தைப் பற்றிப் பேசினாலும், "இதனால் பக்கத்து ஊருக்கு என்ன ஆகும்?" என்று கேட்கப் பழக்குங்கள். அந்த ஒரு கேள்வி பதிலின் தரத்தையே மாற்றிவிடும்.

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களைப் படிப்பவர்கள் 'தூண்டில் வளைவு' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்தடுப்பு அது; நுனி தூண்டில் முள்போல் வளைந்திருப்பதால் அந்தப் பெயர். எவ்வளவு அழகான கலைச்சொல் பாருங்கள், எந்தக் குழுவும் கூடி உட்கார்ந்து உருவாக்கியதுபோல் தெரியவில்லை, கரையில் நிற்பவர் வாயில் பிறந்த சொல்லாகவே ஒலிக்கிறது! நம் மாணவர்கள் கட்டுரையில் தாராளமாகப் பயன்படுத்தலாம். "எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு வேண்டும்" என்று ஒரு கிராமம் கேட்கும். கட்டியதும் அங்கே மணல் சேரும். அதற்கடுத்த கிராமத்துக்கு வரவு குறையும். உடனே அவர்களும் கேட்பார்கள். கேட்பது அவர்கள் உரிமைதான், வேறு வழியும் இல்லை. ஆனால் கரையை ஊர் ஊராகப் பிரித்துக் காக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

புதுச்சேரியில் பின்னர் வேறொரு முறையைச் சோதித்தார்கள். தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த எஃகு ஆப்பு ஒன்றை 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்குள் மூழ்கும்படி அமைத்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் அலை அதன்மேல் ஏறும்போதே வலுவிழந்துவிடும். துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். இழந்த கடற்கரையின் ஒரு பகுதி திரும்ப வந்தது. அலையை முட்டி நிறுத்துவதைவிட அதன் வேகத்தைத் தணிப்பது நல்லது என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. இனி சிங்கப்பூருக்குத் திரும்பலாம், ஏனென்றால் நம் பொறியாளர்கள் அதே எண்ணத்தோடு வேலை செய்த இடம் பெடோக் பக்கத்திலேயே இருக்கிறது.

நாம் உட்காரும் கடற்கரை யார் செய்தது?

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா இயற்கையான கடற்கரை என்று நினைக்கும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை. 1966இல் தொடங்கி ஏறக்குறைய 20 ஆண்டுகள், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கடலை நிரப்பி உருவாக்கிய நிலம் அது. சிக்லாப், பெடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைச் சுழல்பட்டை வழியாகக் கடலுக்கு அனுப்பினார்கள். மொத்தம் சுமார் 1,500 ஹெக்டர். மரீன் பரேட் அடுக்குமாடிகளும் அந்த நிரப்பிய மண்மேல்தான் நிற்கின்றன.

நிரப்பிய மண்ணை அப்படியே விட்டால் அலை கரைத்துக்கொண்டு போய்விடும். நீளமாகக் கடல்சுவர் எழுப்பியிருக்கலாம். ஆனால் செங்குத்துச் சுவரில் ஒரு குணம் உண்டு: மோதும் அலையை அது அப்படியே திருப்பி அடிக்கும். திரும்பும் அலை சுவரின் காலடி மணலைத் தோண்டும். சுவருக்குப் பின்னால் உள்ள நிலம் பிழைக்கும், முன்னால் உள்ள கடற்கரை போய்விடும். மக்கள் உட்கார, குழந்தைகள் விளையாட மணல் வேண்டும் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும்.

அவர்கள் செய்தது இதுதான்: கரையோரமாக இடைவெளி விட்டு விட்டுக் குட்டையான கல் அலைத்தடுப்புகளை வைத்தார்கள். ஒவ்வொன்றும் செயற்கையான ஒரு முனை. இயற்கையில் பாறை முனை ஒன்று கடலுக்குள் நீண்டிருப்பதுபோல. இரண்டு முனைகளுக்கு நடுவே வரும் அலை, முனையைச் சுற்றி வளைந்து விசிறிபோல் பரவுகிறது. அப்படிப் பரவும் அலை இடையில் உள்ள மணலைச் செதுக்கி, பிறை வடிவில் ஒரு சிறு குடாவாக்குகிறது. குடாவின் வளைவும் அலையின் வளைவும் ஒன்றாகப் பொருந்திவிட்டால், அலை எல்லா இடத்திலும் கரைக்கு நேராக வந்து விழும். சாய்வு இல்லையென்றால் பக்கவாட்டு நகர்வும் இல்லை. மணல் தன் நடையை நிறுத்திக்கொள்கிறது! கூகல் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஈஸ்ட் கோஸ்ட் கரையைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கடித்த முறுக்குமாதிரி வரிசையாகப் பிறைகள் தெரியும். இதைவிட நல்ல கற்பித்தல் கருவி கிடைக்காது, காசும் இல்லை.

முழுக்க நிலைத்துவிட்டதா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. பருவக்காற்று பலமாக வீசும் நாள்களில் சில இடங்களில் மணல் வெட்டுப்பட்டு ஓரடி இரண்டடி உயரத்துக்குப் படிபோல் நிற்கும். மரவேர்கள் வெளியே தெரியும். கடலோடு செய்யும் ஒப்பந்தத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

மணல் போன இடத்தில் மறுபடி மணல் கொட்டுவதும் ஒரு முறைதான். அதைக் கடற்கரை ஊட்டம் எனலாம். நெதர்லாந்து 2011இல் 2 கோடி கன மீட்டருக்கும் அதிகமான மணலை ஒரே இடத்தில் குவித்துவிட்டு, காற்றும் அலையும் அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டுவிட்டது. நல்ல யோசனை. ஆனால் நமக்கு மணல் வெளியிலிருந்து வர வேண்டும். மலேசியா 1997இலும், கடல்மணலுக்கு இந்தோனீசியா 2003இலும் ஏற்றுமதித் தடை விதித்தன. நாம் மணல் வாங்கும்போது எங்கோ ஒரு கரையின் கணக்கில் செலவு எழுதப்படுகிறது என்பதையும் மாணவர்கள் யோசிக்க வேண்டும். புலாவ் தெக்கோங்கில் மணலால் நிரப்பாமல், சுற்றிலும் சுமார் 10 கிலோமீட்டர் கரையணை எழுப்பி உள்ளே உள்ள தண்ணீரை இறைத்து நிலமாக்கும் டச்சுக்காரர்களின் முறையை 2016இல் அறிவித்ததற்கு மணலை மிச்சப்படுத்துவதும் ஒரு காரணம்.

"மரம் நடலாம்" என்ற பதிலுக்கும் ஒரு வார்த்தை. மாணவர்கள் சொல்ல வருவது அலையாத்திக் காடு. இலங்கைத் தமிழில் கண்டல், நம் செய்திகளில் சதுப்புநிலக் காடு. அலை+ஆற்றி, அலையை ஆற்றுவது என்று பிரித்துக் காட்டினால் சொல்லும் மறக்காது, வேலையும் மறக்காது. ஆனால் அது சேறும் அமைதியான நீரும் உள்ள இடத்தில்தான் வேர்பிடிக்கும். ஈஸ்ட் கோஸ்ட் மணலில் நட்டால் நிற்காது. தெக்கோங்கின் வடகிழக்குக் கரை அரிக்கப்பட்டபோது தேசியப் பூங்காக் கழகம் முன்னால் கற்களை அடுக்கி அலையைத் தணித்துவிட்டு, அந்த மறைவில் அலையாத்திக் கன்றுகளை நட்டது. கல்லும் மரமும் கூட்டணி வைத்தால்தான் அங்கே வேலை நடந்தது. "சுவரா, மரமா?" என்று பட்டிமன்றம் நடத்துவோர் கவனிக்க.

தேக்காவுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

இதுவரை மணல் கதை. இனி தண்ணீர்க் கதை. கரை தேயாமல் இருந்தாலும் கடலே உயரமாகிவிட்டால் என்ன செய்வது?

சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டு கடலைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆனால் லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் ரோச்சோர் கால்வாய் ஓடுகிறது. அது காலாங் படுகை வழியாக முன்பு நேரே கடலோடு கலந்தது. இந்த வட்டாரத்தில் மாட்டுத் தொழில் செழித்ததற்கே தாழ்வான நிலமும் தண்ணீரும் புல்லும்தான் காரணம். கண்டாங் கெர்பாவ், பஃபலோ சாலை என்ற பெயர்களில் எருமைகள் இன்னும் மேய்கின்றன. தாழ்வான இடத்தின் தொல்லை என்னவென்றால், உயர் ஓதத்தின்போது கடல் கால்வாய்க்குள் ஏறும். அதே நேரத்தில் கனமழையும் பெய்தால் மழைநீர் போக வழியில்லாமல் தெருவுக்கு வரும். ஓதம் என்பது கடல்நீர் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குவது. ஏறும்போது உயர் ஓதம், இறங்கும்போது தாழ் ஓதம்.

2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு இதற்குத்தான் ஒரு கதவு போட்டது. 350 மீட்டர் அகலம், 9 எஃகு மதகுகள். கடல் தாழ்ந்திருக்கும்போது மதகைத் திறந்து மழைநீரை வெளியே விடுவார்கள். கடல் உயர்ந்திருக்கும்போது மதகு மூடியிருக்கும். அப்போது பெருமழை பெய்தால் 7 ராட்சத பம்புகள் நீரை இறைத்துக் கடலில் தள்ளும். ஒரு பம்பே ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஓர் ஒலிம்பிக் நீச்சல்குளத்தைக் காலி செய்யும். சைனாடவுன், போட் கீ, ஜாலான் புசார், கேலாங் போன்ற தாழ்வான பகுதிகள் இதனால் பயனடைகின்றன. தேக்காவில் கறிவேப்பிலை வாங்குபவரின் கால் நனையாமல் இருப்பதற்கும் மரினாவில் ஒரு பம்பு ஓடுவதற்கும் தொடர்பு இருக்கிறது, பார்த்தீங்களா?

2024 தொடக்கத்தில் வெளியான மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வின்படி, 2100க்குள் நம்மைச் சுற்றியுள்ள சராசரிக் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும். உயர் ஓதமும் புயல் உந்தும் நீரும் சேர்ந்தால் தண்ணீர் 4 அல்லது 5 மீட்டர் வரைகூட எட்டலாம். நம் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு, கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கடல் உயர உயர, மதகைத் திறந்து நீரைத் தானாக ஓடவிடும் வாய்ப்பு குறையும். பம்புகள் அதிக நேரம் ஓட வேண்டிவரும். 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், அடுத்த 100 ஆண்டுகளில் இதற்கு 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்றார். 2020இல் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கரையோரப் பாதுகாப்புப் பொறுப்பு முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. கரையை ஊர் ஊராகப் பிரித்துக் காக்க முடியாது என்று மேலே சொன்னோமே, அதற்கு நம் நாட்டின் பதில் இது. சிறிய நாடாக இருப்பதில் உள்ள வசதி.

ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் இதற்கு வந்திருக்கும் திட்டம்தான் 'லாங் ஐலண்ட்'. 2023 நவம்பரில் ஆய்வுகள் அறிவிக்கப்பட்டன. மரினா ஈஸ்டிலிருந்து தானா மேரா வரை, கரைக்கு அப்பால் கடலில் சுமார் 800 ஹெக்டர் நிலத்தை உயரமாக நிரப்புவது. அதற்கும் இன்றைய கரைக்கும் இடையே சிக்கும் கடலை நன்னீர்த் தேக்கமாக்குவது. மாற்று வழி என்னவாக இருந்தது தெரியுமா? பூங்கா நெடுக 3 மீட்டர் வரை உயரமான சுவர், கூடவே 12 இடங்களில் மதகுகளும் பம்பு நிலையங்களும். லாங் ஐலண்ட் முறையில் அவை இரண்டு இடங்களில் போதும். "சுவர் கட்டலாம்" என்று சொல்லும் மாணவரிடம் இதைக் காட்டுங்கள்: கட்டலாம்தான், ஆனால் கடலைப் பார்க்கச் சுவர்மேல் ஏற வேண்டியிருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், சுவரைவிட இது நல்ல வழி என்றே சொல்வேன். இருந்தாலும் விலை இல்லாமல் எதுவும் வராது. தீவு எழுந்தால் இன்றைய பிறைக் குடாக்கள் கடலைப் பார்க்காது, தேக்கத்தைப் பார்க்கும். அலையே இல்லாத இடத்தில் அலைத்தடுப்புகளுக்கு வேலை இருக்காது. அங்கே தூண்டில் போடுபவர்களும், ஆழமில்லாத நீரில் வாழும் உயிரினங்களைப் பற்றிக் கவலைப்படும் இயற்கை ஆர்வலர்களும் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். நிரப்ப மண் எங்கிருந்து வரும் என்பதும் நியாயமான கேள்வி. உயர்நிலை நான்கில் படிக்கும் மாணவர் இந்தக் கேள்விகளில் இரண்டைத் தன் சொந்த வாக்கியத்தில் கேட்டுவிட்டு, பிறகு "ஆயினும் நான் இத்திட்டத்தை ஆதரிக்கிறேன்" என்றோ "எதிர்க்கிறேன்" என்றோ சொன்னால், எந்தத் தேர்வாளரும் நிமிர்ந்து உட்காருவார்.

மொழிப் பயன்பாட்டில் ஒரு திருத்தம். மாணவர்கள் 'அணைக்கட்டு', 'அலைத்தடுப்பு', 'கடல்சுவர்' மூன்றையும் ஒரே பொருளில் எழுதுகிறார்கள். அணைக்கட்டு நீரைத் தேக்கும் அல்லது மறிக்கும், மதகு இருக்கும். அலைத்தடுப்பு கடலுக்குள் நின்று அலையின் வேகத்தைக் குறைக்கும், நீர் அதைச் சுற்றிப் போகும். கடல்சுவர் கரையின் ஓரத்திலேயே நிற்கும். வரைந்து காட்டினால் இரண்டு நிமிட வேலை.

வகுப்போடு ஈஸ்ட் கோஸ்ட் போக முடிந்தால், பெடோக் படகுத்துறைக்கு அருகில் தொடங்கி ஏதாவது இரண்டு அலைத்தடுப்புகளுக்கு நடுவே நடக்கச் சொல்லுங்கள். தடுப்பின் இரு பக்கத்திலும் மணல் எவ்வளவு அகலம் என்று காலடியால் அளக்கட்டும். எந்தப் பக்கம் அதிகம், வேர் எங்கே வெளியே தெரிகிறது, அலை எந்தக் கோணத்தில் விழுகிறது என்று தமிழிலேயே குறித்துக்கொள்ளட்டும். ஜூன் விடுமுறைக்கு முன் ஒருமுறையும் ஆண்டு இறுதியில் ஒருமுறையும் போனால், காற்றின் திசை மாறியதும் மணல் என்ன செய்தது என்று அவர்களே ஒப்பிட்டு எழுதலாம். போகும் முன் ஓத நேரத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ் ஓதத்தில்தான் தடுப்பின் அடிக்கற்கள் வரை தெரியும். கற்கள் பாசி பிடித்து வழுக்கும், மேலே ஏறவிடாதீர்கள்.